வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமோ?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து நாலு மாசம் ஆச்சு. தீசிஸ் ஆணி ஒரு பக்கம், அக்கா கல்யாணம் ஒரு பக்கம். கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. ஆனா அதுல நான் செஞ்ச ஒரு காரியத்தை எங்க சொந்தத்துல இன்னும் இருபது வருஷத்துக்காவது பேசுவாங்க. அவங்க வாயால நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

எங்க தாய்மாமாவுக்குப் பத்திரிகை வைக்கறதுக்கு முன்னாடியே, அக்கா கல்யாணப் பத்திரிகையை ஊருக்கெல்லாம் வெச்சுட்டேன். மாண்ட்ரியல்ல இருந்துகிட்டு, படுக்கையில படுத்தபடியே, கட்டைவிரலால.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஆனி ரெண்டாவது வாரம் மதுரையில நிச்சயதார்த்தம். ஆவணி ரெண்டாவது வாரம் முகூர்த்தம். மொத்தம் அறுபது நாள் சொச்சம். நடுவுல முழுசா ஒரு ஆடி. ஆடியில எங்க வீட்டுல சுபகாரியப் பேச்சே எடுக்க மாட்டாங்க. அதனால "ஆடி பொறக்கறதுக்குள்ள முதல் பத்திரிகைகளை வெச்சுடணும், விட்டா ஆவணிதான், அப்புறம் பத்து நாள்ல ஊரைச் சுத்த முடியாது"ன்னு அப்பா ஒரே பரபரப்பு. சிவகாசிக்கு அவரே நேர்ல போய் அச்சடிக்கக் கொடுத்தார்.

அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி புரூஃப் பார்க்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு பிடிஎஃப் அனுப்பினார். கல்யாணப் பத்திரிகையில புரூஃப் பார்க்கறது சாதாரண வேலை இல்லை. சந்திப்பிழை இருந்தா ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க. இனிஷியல் மாறினா, யாராவது ஒருத்தர் பேர் விட்டுப் போனா, ஒரு தலைமுறை மறக்காது. மதுரையில காலை 10 மணி, இங்க ராத்திரி பன்னெண்டரை. கண்ணு எரிய எரிய ஒவ்வொரு பேரா சரிபார்த்தேன். ஒரு ஒற்றெழுத்தைத் திருத்தினேன். "ஓகேப்பா"ன்னு பதில் போட்டேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம்.

பெருமை தாங்கலை மக்களே. கூடப் பொறந்தவ பேரை அந்தத் தங்கக் கலர் எழுத்துல பார்த்தா யாருக்குத்தான் தாங்கும்? கசின்ஸ் குரூப்ல போட்டேன். "நம்ம அக்கா கல்யாணம்டா, எல்லாரும் டிக்கெட் போடுங்கடா!" போட்டுட்டுத் தூங்கிட்டேன்.

நான் தூங்கின ஏழு மணி நேரத்துல நடந்தது இது. கோயம்புத்தூர்ல இருக்கற ஒரு தம்பி அதை ஸ்டேட்டஸா வெச்சான். அதைச் சித்தி பார்த்தாங்க. சித்தி திண்டுக்கல்ல இருக்கற எங்க மாமா வீட்டுக்கு ஃபோன் போட்டு, "பத்திரிகை ரொம்ப அழகா வந்திருக்கு அண்ணி, நீங்க எப்ப கிளம்பறீங்க?"ன்னு கேட்டாங்க. அத்தை கேட்டது ரெண்டே வார்த்தை. "எந்தப் பத்திரிகை?"

காலையில எழுந்து பார்த்தா அம்மாகிட்ட இருந்து பதினோரு மிஸ்டு கால்.

*

இதுல என்ன பெரிய குத்தம்னு எனக்கு முதல்ல நிஜமாவே புரியலை. மாமாவுக்குத் தேதி தெரியாதா? நிச்சயத்தன்னைக்கு ஜமுக்காளத்துல முன்வரிசையில உட்கார்ந்து லக்னப் பத்திரிகை வாசிக்கறதைக் கேட்டவரே அவர்தான். மண்டபத்துக்கு முன்பணம் கட்டப் போனப்பவும் அப்பாகூட அவர்தான் போனார். தெரிஞ்ச விஷயத்தை இன்னொருத்தர் முன்னாடியே பார்த்துட்டா என்ன?

அம்மா அழுதுகிட்டே சொன்னாங்க: "பத்திரிகைங்கறது சேதி இல்லடா."

அதுக்கு அப்புறம்தான் உட்கார்ந்து யோசிச்சேன். நம்ம ஊர்ல பத்திரிகை 'அனுப்பறது' இல்லை, 'வைக்கறது'. முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி சாமி காலடியில வைப்பாங்க. அடுத்தது பெரும்பாலும் தாய்மாமன். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா போவாங்க. தட்டுல வெத்தலை, பாக்கு, பூ, பழம், குங்குமம், அது மேல பத்திரிகை. அப்ப சொல்ற வார்த்தையைக் கவனிச்சிருக்கீங்களா? "வந்துடுங்க"ன்னு சொல்ல மாட்டாங்க. "முன்னாடியே வந்திருந்து, நீங்கதான் நடத்திக் கொடுக்கணும்"னு சொல்வாங்க.

அதாவது மாமாவைக் கூப்பிடறது விருந்தாளியா இல்லை. வேலைக்கு. சீர்த்தட்டு அவர் எடுக்கணும், பொண்ணுக்குப் பட்டும் மாலையும் அவர் போடணும். அதுக்கு அவர் நாலு கடை ஏறணும், நகைக்கடைச் சீட்டை முடிக்கணும், லாரி செட்டுல லீவு சொல்லணும். அந்த வரிசைக்குப் பின்னாடி மரியாதை மட்டும் இல்லை, ஒரு கணக்கும் இருக்கு. யாருக்கு வேலை அதிகமோ அவங்களுக்கு முதல்ல. வெறுமனே வந்து சாப்பிட்டு மொய் எழுதிட்டுப் போற எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கடைசியில. நான் செஞ்சது அந்த வரிசையைத் தலைகீழாக் கவுத்தது. மொய் கூட எழுதாத பயலுகளுக்கு முதல் பத்திரிகை, சீர் செய்யற மனுஷனுக்கு 'எந்தப் பத்திரிகை?'

மாமா ஃபோனை எடுக்கலை. அம்மா கூப்பிட்டாலும் எடுக்கலை. அத்தை எடுத்து, "அவர் வெளிய போயிருக்கார்"னு சொல்லுவாங்க, பின்னாடி அவர் இருமற சத்தம் கேக்கும். அப்பா அச்சாகி வந்த கட்டுல ஒண்ணைக் குலதெய்வம் கோயில்ல வெச்சுட்டு வந்தார். "மச்சானுக்கு வைக்காம அடுத்த பத்திரிகை இந்த வீட்டை விட்டுப் போகாது"ன்னு மீதியைப் பீரோ மேல ஏத்திட்டார். ஆடியும் பொறந்துடுச்சு. கல்யாணத்துக்கு நாப்பது நாள்கூட இல்லை, நானூறு பத்திரிகை பீரோ மேல.

*

இது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் குடியிருக்கறது மூணு மாடி வீட்டோட பாதி நிலத்துக்குள்ள இருக்கற கீழ்த்தளம். மேல இருக்கற வீட்டுக்காரங்க யாழ்ப்பாணத்துக்காரங்க. அங்கிள் கட்டட வேலை, அன்ரி ஒரு முதியோர் இல்லத்துல வேலை. அவங்க பொண்ணுக்கும் இந்த வருஷம்தான் கல்யாணம். ஆவணி கடைசி, செப்டம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. அதனால எனக்கு மேல ஒரு கல்யாண வீடு, ஃபோனுக்குள்ள ஒரு கல்யாண வீடு.

அன்ரி சமையலறையில மாட்டியிருந்த காலண்டரை ஒருநாள் பார்த்து மிரண்டுட்டேன். எங்கப்பா அறுபது நாள்ல முடிக்கற வேலைக்கு அவங்க ஒரு வருஷம் திட்டம் போட்டிருந்தாங்க. இந்த ஊர்ல கல்யாணத் தேதி பிடிக்கறதே ஒரு வித்தை. பஞ்சாங்கப்படி நல்ல மாசம் தை. மாண்ட்ரியல்ல தை மாசம்னா ஜனவரி நடுவுல இருந்து பிப்ரவரி நடு வரைக்கும். பட்டுப்புடவைக்கு மேல ஜாக்கெட், அதுக்கு மேல இன்னொரு ஜாக்கெட், மைனஸ் இருபது. இந்த ஊர் ஜனங்க கல்யாணம் பண்றதுக்கு ஏத்த வெயில் ஜூலை, ஆகஸ்ட். அது நமக்கு ஆடி. ஆக மிச்சம் இருக்கறது ஆனியில கொஞ்சம், ஆவணியில கொஞ்சம். அந்த நாலஞ்சு சனி, ஞாயிறுக்குத்தான் இங்க இருக்கற அத்தனை தமிழ்க் குடும்பங்களும் மண்டபத்துக்கு அடிச்சுக்கறாங்க.

தேதி கிடைச்சாச்சு. கார்டு எப்ப கொடுக்கறது? (ஈழத்தமிழர்கள் பேச்சுல பத்திரிகைன்னா பேப்பர்தான், இது 'கார்ட்'.) ஆங்கிலத்துல இதுக்குன்னு மரியாதைப் புத்தகங்கள் எழுதினவங்க ஆறுல இருந்து எட்டு வாரத்துக்கு முன்னாடின்னு சொல்றாங்க. அன்ரிகிட்ட அதைச் சொன்னேன். சிரிச்சாங்க.

"தம்பி, கலியாண நாளிலயிருந்து எண்ணக்கூடாது. வாறதுக்கு ஆருக்குக் கூட நாள் வேணுமோ, அந்த ஆளிலயிருந்து எண்ணோணும்."

அவங்களுக்கு அந்த ஆள் யாழ்ப்பாணத்துல இருக்கற அவங்க அம்மா, பொண்ணுக்கு அம்மம்மா. 78 வயசு. அவங்களுக்குக் கனடா விசா வேணும். விசாவுக்கு ஒரு அழைப்புக் கடிதம் வேணும். அதை அன்ரி பிப்ரவரியிலயே எழுதிட்டாங்க, பனி கொட்டிக்கிட்டு இருக்கறப்ப. ஆங்கிலத்துல எழுதணும்னு என்னைக் கூப்பிட்டாங்க. அந்தக் கடிதத்துல என்னென்ன இருக்கணும் தெரியுமா? கூப்பிடறவர் பேர், பிறந்த தேதி, விலாசம், என்ன வேலை, இந்த நாட்டுல என்ன அந்தஸ்து, வீட்டுல எத்தனை பேர். வர்றவர் யார், என்ன உறவு, எதுக்கு வர்றார், எத்தனை நாள், எங்க தங்குவார், செலவு யாருது, எப்ப திரும்பிப் போவார். கூடவே சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு. கட்டணம் 100 டாலர், கைரேகைக்கு 85 டாலர். இவ்வளவு செஞ்சும் கடிதம் இருக்கறதால விசா கட்டாயம் கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

சொந்த அம்மாவைத் தன் பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடறதுக்கு 'அவர் கட்டாயம் திரும்பிப் போய்விடுவார்'னு எழுத வேண்டியிருக்கு. தட்டச்சு பண்ணும்போது எனக்கே கை கொஞ்சம் நின்னுது. அன்ரி அச்சடிச்ச தாளை வாங்கி, சாமிப் படத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தாங்க. "இதுதான் முதல் கார்ட், தம்பி. மஞ்சள் பூசேல்ல, அவ்வளவுதான்."

அன்னைக்கு எனக்கு அது ஒரு நல்ல வசனமாத்தான் பட்டுது. ஜூலையில மாமா விவகாரம் வெடிச்சப்பதான் அதோட அர்த்தம் உறைச்சுது. அவங்ககிட்ட இருந்த வரிசையும் எங்கப்பா வரிசையும் ஒண்ணுதான். முதல்ல சாமி, அடுத்தது யார் வராம அந்தக் கல்யாணம் நடக்காதோ அவங்க.

*

மாண்ட்ரியல்ல பத்திரிகை வைக்கறதுல இன்னும் சில விசேஷங்கள் இருக்கு. இங்க படிக்க வர்ற தம்பி தங்கைகளுக்காகச் சொல்லி வைக்கறேன்.

ஒண்ணு, ஜூலை 1. நாட்டுக்கெல்லாம் அது கனடா தினம், கியூபெக்குக்கு வீடு மாத்தற தினம். இங்க பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30 ராத்திரியோட முடியும். முன்னாடி இது மே 1 ஆக இருந்துச்சாம். பள்ளிக்கூட வருஷத்துக்கு நடுவுல குழந்தைங்க வீடு மாற வேண்டாம்னு 1970களில் ஜூலைக்கு மாத்தினாங்க. விளைவு, ஒரே நாள்ல பாதி ஊர் தெருவுல. மெத்தையை சைக்கிள்ல வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போறவங்களைக்கூடப் பார்க்கலாம். ஜூன்ல விலாசம் எழுதித் தபால்ல போட்ட கார்டு, ஜூலையில யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள் கையில இருக்கும். "ஜூலை ஒண்டு கழியாமல் ஒரு விலாசமும் எழுதுறேல்ல" - இது அன்ரியோட சட்டம்.

ரெண்டு, தபால். 2024 நவம்பர் 15 தொடங்கி டிசம்பர் 17 வரைக்கும் கனடா முழுக்க தபால் ஊழியர் வேலைநிறுத்தம். 2025 செப்டம்பர் கடைசியில மறுபடியும் ஒண்ணு. அவங்க கோரிக்கை அவங்களுக்கு. ஆனா அந்த வாரங்கள்ல கல்யாணம் வெச்சிருந்தவங்க கார்டெல்லாம் என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் நிறையப் பேர் கையில கொடுக்கறதையே நம்பறாங்க. நம்ம பாட்டன் வழிக்கு வேற ஒரு காரணத்தால திரும்பி வந்திருக்கோம்.

மூணு, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. கியூபெக்ல அரசாங்கமே ஒரு பத்திரிகை வைக்குது! கல்யாணத்துக்குக் குறைஞ்சது 20 நாள் முன்னாடி, இன்னார் இன்னாரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறாங்கன்னு சிவில் பதிவு இயக்குநரகத்தோட இணையதளத்துல அறிவிப்பு போட்டாகணும். சட்டப்படி நடத்தி வைக்கறவர் யாரோ, அது குருக்களா இருந்தாலும், அவர் பொறுப்பு. முன்னாடி கல்யாணம் நடக்கற இடத்துலயும் நீதிமன்றத்துலயும் காகிதமா ஒட்டுவாங்களாம். ஆட்சேபணை இருக்கறவங்க அந்த நாளுக்குள்ள சொல்லிக்கலாம். (நம்ம ஊர்ல இதுக்கு மொட்டைக் கடுதாசின்னு பேர். இங்க கையெழுத்துப் போட்டுத் தரணும், அவ்வளவுதான் வித்தியாசம் :-)) அந்த 20 நாள் முடிஞ்சு மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் நடக்கலைன்னா மறுபடியும் முதல்ல இருந்து போடணும். அதாவது ரொம்பச் சீக்கிரமும் கூடாது, ரொம்ப லேட்டும் கூடாது. சட்டம் எழுதினவங்க வீட்லயும் யாரோ ஒரு பெரிய மனுஷி இருந்திருக்கணும்.

சீக்கிரம் வைக்கறதுலயும் ஆபத்து இருக்குன்னு 2020ல பார்த்துட்டோமே. பங்குனி, சித்திரை முகூர்த்தத்துக்கு அச்சடிச்ச கட்டுக் கட்டான பத்திரிகைங்க, மார்ச் 25 ஊரடங்கோட வெறும் காகிதமாப் போச்சு. அப்புறம் 50 பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு சொன்னாங்க. கொடுத்த பத்திரிகையைத் திருப்பி வாங்க ஒரு சடங்கு நம்மகிட்ட கிடையாது. "வராதீங்க"ன்னு ஃபோன் பண்ணிச் சொன்ன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். கல்யாணம் நல்லா நடந்தும் அவருக்கு இன்னும் மனசு ஆறலை.

இன்னொரு வித்தியாசம். லீவு கேக்கறதுக்காக என் பேராசிரியர்கிட்ட அக்கா பத்திரிகையைக் காட்டினேன். (எல்லாருக்கும் காட்டியாச்சு, இவருக்கு என்ன!) ஆசையாப் பார்த்துட்டு, "வர்றேன், வரலைன்னு எந்தத் தேதிக்குள்ள பதில் சொல்லணும்?"னு கேட்டார். ஆர்எஸ்விபி. பிரெஞ்சு வார்த்தை, பிரெஞ்சு ஊர், கேட்டதுல தப்பே இல்லை. எங்க ஊர்ல அப்படி ஒண்ணு கிடையாதுன்னேன். "அப்ப எத்தனை பேருக்குச் சமைக்கறதுன்னு எப்படித் தெரியும்?" "சமையல்காரருக்குத் தெரியும்"னேன். மனுஷன் ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதுதான். அவங்க பத்திரிகை ஒரு கேள்வி, பதில் வரணும். நம்ம பத்திரிகை கேள்வி இல்லை. வெச்சுட்டா நீ வந்த மாதிரிதான். அதனாலதான் வைக்காம விட்டா அவ்வளவு வலிக்குது.

*

ஜூலை கடைசி ரெண்டு வாரம் கியூபெக்ல கட்டட வேலைக்கு மொத்தமா விடுமுறை. அங்கிளுக்கு லீவு. அதுக்குள்ள அம்மம்மாவுக்கு விசாவும் வந்துடுச்சு. அது வர்ற வரைக்கும் அன்ரி ஒருத்தருக்கும் கார்டு கொடுக்கலை. தேதியை மட்டும் ஃபோன்ல சொல்லி வெச்சிருந்தாங்க. முதல் கார்டை டொலார்-டே-ஸோர்மோ முருகன் கோயில்ல ஆனியிலயே வெச்சாச்சு. இப்ப டொரொண்டோ சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கணும். 540 கிலோமீட்டர். காரோட்ட மாத்தாள் வேணும்னு என்னையும் கூப்பிட்டாங்க.

"ஆடியாச்சே அங்கிள், பரவாயில்லையா?"ன்னு கேட்டேன்.

"கனடாவில ஆடிக்கு லீவு தாறாங்கள் இல்லை, தம்பி. கட்டட வேலைக்குத்தான் லீவு."

ஸ்கார்பரோவுல ரெண்டு நாள்ல பதினாலு வீடு. பதினாலு தேத்தண்ணி. ஒவ்வொரு வீட்லயும் அங்கிளும் அன்ரியும் சேர்ந்து நின்னு, ரெண்டு கையாலயும் கொடுத்து, அதே வார்த்தையை முதல் தடவை சொல்ற மாதிரிச் சொன்னாங்க. ஒரு வீட்ல வயசான ஒரு ஐயா, நடைவண்டியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னு வாங்கினார். "உதை ஃபோனில போட்டு விட்டிருக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம்?"னு கேட்டார். அங்கிள் "போட்டிருக்கலாம்"னு மட்டும் சொன்னார். ஐயா கார்டைத் திறக்கலை. நெஞ்சுப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நாங்க கிளம்பற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வர்ற வழியில கிங்ஸ்டன் பக்கம் காபிக்கு நிறுத்தினோம். ராத்திரி எட்டு மணி. திண்டுக்கல்ல காலை அஞ்சரை. மாமா பால் வாங்கக் கிளம்பற நேரம், ஃபோன் அவர் சட்டைப் பையில இருக்கும், அத்தை கையில இருக்காது. கார் நிறுத்தற இடத்துல நின்னு கூப்பிட்டேன். எடுத்துட்டார்.

"மாமா, நான்தான்."

ஒண்ணும் பேசலை. நாய் குலைக்கற சத்தம், ஒரு பைக் போற சத்தம்.

"தப்பு என்மேலதான் மாமா. அப்பாவுக்குத் தெரியாது. நான்தான் குரூப்ல போட்டேன்."

"தெரியும்டா"ன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு: "நாலு பேர் வந்து கேட்டாங்க, பத்திரிகை பார்த்தீங்களான்னு. பார்க்கலைன்னு சொன்னா உங்கப்பாவை என்ன நினைப்பாங்க? பார்த்தேன், நல்லா இருக்குன்னு சொன்னேன். நாலு பேர்கிட்டயும் பொய் சொன்னேன்டா."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. மூணு வாரமா நான் நினைச்சிருந்தது, மாமா தன் கௌரவத்துக்காகக் கோவமா இருக்கார்னு. அவர் காப்பாத்திக்கிட்டு இருந்தது எங்கப்பா கௌரவத்தை.

"அங்க என்ன நேரம்?"னு கேட்டார். சொன்னேன். "ராத்திரியில ரோட்டுல நின்னு பேசாதே, போ." வைக்கறதுக்கு முன்னாடி, "ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே. அன்னைக்கு வரச் சொல்லு."

அப்பா ஆவணி வரைக்கும் காத்திருக்கணுமேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தார். ஆடியிலயே ஒரு நல்ல நாளை எடுத்துக் கொடுத்தது மாமாதான்.

ஆடி பதினெட்டு அன்னைக்குத் தட்டோட போனாங்க. மாமா பத்திரிகையைப் பிரிச்சு, முதல் தடவை பார்க்கற மாதிரி ஒவ்வொரு பேரா சத்தமா வாசிச்சாராம். முடிச்சுட்டு, "ஒரு இடத்துல ஒற்று விட்டுப் போச்சு"ன்னாராம். (நான் 'திருத்தின' இடம்தான். வேணாம், விட்டுடுங்க.) சாயங்காலமே பீரோ மேல இருந்த கட்டு இறங்கிடுச்சு. மீதி நாள்ல நானூறையும் கொடுத்து முடிச்சதுல, பாதி வண்டி ஓட்டினது மாமா. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடி நான் மதுரை போய் இறங்கினப்ப, விமான நிலையத்துக்கு வந்திருந்ததும் அவர்தான். வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. வாசல்ல பெட்டியை இறக்கி வெச்சுட்டு, "உனக்கு யாராவது பத்திரிகை வெச்சாங்களா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். "அப்ப நீ எப்படி வந்தே?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சார். அவ்வளவுதான்.

*

பட்டதைச் சொல்லி முடிச்சுக்கறேன். கல்யாணம் வரப்போற வீடுகளுக்கு உபயோகப்படும்.

1. தேதியைச் சொல்றது வேற, பத்திரிகை வைக்கறது வேற. தேதி முடிவான அன்னைக்கே வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு ஃபோன்ல சொல்லிடுங்க. பத்திரிகை நிதானமா வரட்டும்.

2. கல்யாண நாள்ல இருந்து பின்னாடி எண்ணாதீங்க. அதிக நாள் தேவைப்படற ஆள்கிட்ட இருந்து எண்ணுங்க. விசா வேணும்னா ஆறு மாசம்கூடக் கம்மி. விசா கைக்கு வராம பணம் திரும்ப வராத டிக்கெட்டை வாங்காதீங்க.

3. தூரத்துல இருக்கறவனுக்குப் பத்து நாள் முன்னாடி பத்திரிகை வந்தா, அதுக்கு "வா"ன்னு அர்த்தம் இல்லை, "சொல்லிட்டேன்"னு அர்த்தம். அவனுக்கு அது புரியும்.

4. மாண்ட்ரியல் விலாசம்னா ஜூலை 1க்கு அப்புறம் ஒரு தடவை கேட்டுக்கோங்க.

5. புரூஃப் அனுப்பும்போது குறுக்க பெருசா 'புரூஃப்'னு போட்டு அனுப்புங்க. முக்கியமா வெளிநாட்டுல இருக்கற பையனுக்கு.

செப்டம்பர்ல மேல் வீட்டுக் கல்யாணமும் நடந்தது. அம்மம்மா முன்வரிசையில, பட்டுக்கு மேல ஒரு கம்பளி போட்டுக்கிட்டு. நமக்கு இங்க அது வெயில் காலம், அவங்களுக்குக் குளிர். அன்ரி எனக்கும் ஒரு கார்டு கொடுத்தாங்க. ஒரே வீட்டுக்குள்ள, மாடிப்படி இறங்கி வந்து, ரெண்டு பேருமா நின்னு.

பி.கு.: உங்க வீட்லயும் பத்திரிகையால பேச்சு நின்னு போன மாமா, சித்தப்பா யாராவது இருப்பாங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க. அதுக்கு முன்னாடி அவங்களுக்கு ஒரு ஃபோன் போட்டுடுங்க. காலை அஞ்சரை நல்ல நேரம்.